சென்சாருக்கு வைத்த சந்தனம்

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்று முதல் ஆளாக அதைத் தொட்டுப் பார்த்தவர் தலைமை ஆசிரியர். தொட்டு முடித்ததும், "இனிமே பிள்ளைங்க யாரும் கை வைக்கக் கூடாது, கீறல் விழுந்துரும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொடுவதற்கென்றே செய்த போர்டைத் தூர நின்று கும்பிடவா கொடுத்தார்கள்? மறுநாளே ஏழாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு முறை தொட வைத்தேன். பாதிப் பேர் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டார்கள். கீறல் ஒன்றும் விழவில்லை.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி அது. நான் ஆவூர்க்காரி. கல்யாணமாகி வந்தது புதுக்கோட்டைக்கு. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்றைக்குப் பாடம் நன்றாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை வேறு. அறிவியல் டீச்சருக்கு இது அழகில்லைதான். என்ன செய்வது, இருக்கிறது.

போர்டைவிட எனக்குப் பிடித்துப் போனது அதன் கூடவே வந்த அட்டைப்பெட்டி. ஒயர், பஸ்ஸர், சின்னச் சின்ன சென்சார்கள். அதில் ஒரு சென்சாருக்கு முன்பக்கம் வலை போட்ட இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒரு வட்டம் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும்; எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வருவதை இன்னொரு வட்டம் பிடிக்கும். போய் வர ஆன நேரத்தை வைத்துத் தூரம் தெரிந்துவிடும். வௌவால் இருட்டில் முட்டாமல் பறப்பதும் இப்படித்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் வௌவாலை விட்டுவிட்டு அந்த வட்டங்களுக்குக் "கண்ணு" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. செய்தது ஓடவில்லை என்றால் "கெட்டுப்போச்சு" என்று சொல்லக் கூடாது. என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டை ஒன்றாக மாற்றக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது.

பள்ளி மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி தினமும் நிரம்பி வழிந்து சத்துணவுக் கூடத்து வாசலைச் சேறாக்கும். சமைக்கிற அம்மா எங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டுவார். அதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று முதலில் சொன்னது ஏழாம் வகுப்பில் ஒரு பெண். ஒல்லியாக, எந்நேரமும் எதையாவது கழற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளை. தொட்டியின் மூடியில் சென்சாரைக் கவிழ்த்து மாட்டினால் தண்ணீர் ஏற ஏறத் தூரம் குறையும், விளிம்புக்கு வந்ததும் பஸ்ஸர் அடிக்கட்டும் என்றாள். அதற்கான புரோகிராமை ஸ்மார்ட் போர்டில் வகுப்பே சேர்ந்து கட்டளை எழுதிய கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் செய்தது. மின்சாரம் போன நேரங்களில் சுவரில் சாக்பீஸால் கட்டை வரைந்தார்கள். தொட்டியில் மாட்டும் முன் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சோதித்துப் பார்த்தோம். கச்சிதமாக ஓடியது.

அப்போதுதான் அவளுடைய அப்பா வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தார். வந்த வேகத்தில், வரும் ஜூன் மாதம் மகளை டவுனில் உள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். அவள் என்னிடம் வந்து, "நான் போகல டீச்சர். அப்பாட்ட சொன்னா, நம்ம ஸ்கூல்ல என்ன இருக்குன்னு கேக்குறாங்க. நம்ம எக்ஸிபிஷனுக்குக் கூட்டிட்டு வாரேன். வாளி நல்லா ஓடுச்சுன்னா விட்டுருவாங்க" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். சொந்தக் காரியம் போல மனசுக்குள் ஜெபமும் செய்தேன்.

பள்ளியின் அறிவியல் கண்காட்சி, பூசை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில். விடுமுறைக்கு முந்தின நாள் ஆயுத பூசை கொண்டாடினோம். பிள்ளைகள் வகுப்பைக் கழுவிவிட்டு, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கதவு, மணி, துடைப்பம், ஸ்மார்ட் போர்டு, என் நாற்காலி. எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஆவூரில் புது வண்டி வாங்கினால் நேரே மாதா கோயிலுக்கு ஓட்டிப் போய்ச் சாமியாரிடம் தீர்த்தம் தெளித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். நன்றாக இருக்கட்டும் என்று நானும் சுண்டல் தின்றேன்.

கண்காட்சியன்று அவளுடைய அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு வாளிக்கு முன்னால் நின்றார். அவள் சுவிட்சைப் போட்டாள். வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பஸ்ஸர் வீல் என்று கத்த ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

"அதை எடுத்து ஓரமா வைங்க" என்றார் தலைமை ஆசிரியர். அவளுடைய அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நானே பாய்ந்து ஒயரைப் பிடுங்கியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. "தண்ணி இல்லாமயே அடிக்குது" என்று தனக்குத்தானே சொன்னாள். பேட்டரியை மாற்றினாள். கத்தியது. பழைய பேட்டரியையே திரும்பப் போட்டுவிட்டு ஒயரை மாற்றினாள். அதற்கும் கத்தியது. அடுத்து சென்சாருக்கு முன் கையைக் கொண்டு போனாள், எடுத்தாள், மறுபடி கொண்டு போனாள்.

"கை வச்சாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணுதான் டீச்சர். இது வெளிய எதையுமே பாக்கல."

சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ! கண்ணு மேலயே சந்தனத்த அப்பிட்டேன்!"

இரண்டு வட்டத்திலும் வலை தெரியாமல் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது, நடுவில் அழகாகக் குங்குமம். வகுப்பு முழுக்க எல்லாவற்றிலும் பொட்டு இருந்ததால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. சமைக்கிற அம்மா முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தோம். அவள் பெயின்ட் பிரஷ்ஷால் பொறுமையாகச் சுரண்டி, ஊதி, திரும்ப மாட்டினாள். சத்தம் நின்றது. தண்ணீரை ஊற்றினாள். விளிம்புக்கு வந்ததும் பஸ்ஸர் அடித்தது. கைதட்டலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுடைய அப்பா என்னிடம் வந்து இரண்டு கைகளையும் கூப்பினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதாங்க டீச்சர். இம்புட்டு அறிவு இருக்குற பிள்ளைய இங்கன வச்சுருந்தா பாவங்க. நான் அங்க வெயில்ல கெடக்குறதே இதுக்குத்தான். நல்ல ஸ்கூல்லதான் போடணும்."

அவர் மேல் என்னால் கோபப்பட முடியவில்லை; அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வாளி ஓடாமல் போயிருந்தால் கூட்டிப் போயிருப்பார். ஓடியது, அதனாலும் கூட்டிப் போகிறார். அவள் வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயிற்றெரிச்சலோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஜூனில் அவள் போய்விட்டாள். தொட்டியில் அவள் மாட்டிய பஸ்ஸர் தினமும் அடித்தது. சமைக்கிற அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு, "ஒம் பிள்ள கூப்புடுது" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் டை கட்டிய யூனிஃபார்மோடு வந்து நின்றாள். அவர்கள் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்களாம்.

"வரலாமா மிஸ்?" என்றாள். பழைய கூட்டாளிகள் கொல்லென்று சிரித்ததும், "டீச்சர்" என்று திருத்திக்கொண்டாள்.

"அங்க லேப் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"பெருசா இருக்கு டீச்சர். நம்மகிட்ட இல்லாததெல்லாம் இருக்கு. கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டியிருக்காங்க. போர்டுல படம் போட்டுக் காட்டுவாங்க."

"கையில எடுத்துத் தர மாட்டாங்களா?"

"காலைல பூசை போட்டாங்க டீச்சர். பொட்டக்கூட அலமாரிக் கதவுலதான் வச்சாங்க."

அவள் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இந்த வருஷத்து ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். தொட்டியிலிருந்து கழற்றிக் கொண்டு வந்திருந்த சென்சாரைக் கையில் எடுத்தாள். முன்பக்கம் ஊதிவிட்டு, திருப்பிப் பிடித்து, முதுகில் துளிச் சந்தனம் வைத்தாள்.

"இங்கிட்டுதான் வைக்கணும்" என்று அவர்களிடம் காட்டினாள். "கண்ணு தெறந்தே இருக்கட்டும்."