கருவேல மர வைஸ்

இன்று காலை மகனைக் கைபிடித்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தைக் கடந்தபோது, ஏதோ ஒரு மரக்கடையிலிருந்து வந்த கருவேல மரத்தூள் வாசனை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது அடுக்குமாடியாகிவிட்ட தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனது.

அறுக்கும் பலகை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் வைஸை அப்பா கடையில் வாங்கவில்லை. கருவேல மரத்தை இழைத்து இழைத்து, கொட்டகை முழுக்கச் சுருள் சுருளாய்ச் சீவல் உதிர, தானே செய்தார், பலகையில் தழும்பு விழக்கூடாதென்று அதன் இரண்டு தாடைகளிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார்.

முடிந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"கைய உள்ள வையி தாயி. வலிச்சாச் சொல்லு."

வைத்தேன். கைப்பிடி கிறீச்சிட்டுத் திரும்ப, ரப்பர் இருபுறமும் வந்து தொட்டது. கையை உருவ முடியவில்லை, ஆனால் வலிக்கவும் இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "சோதிச்சுப் பாக்க எம்புள்ள கைதான் கெடச்சுச்சா? ஒங்களுக்கென்ன கிறுக்கா?"

"இன்னும் அரைச் சுத்து சுத்துனாத்தாண்டி வலிக்கும்," என்று அப்பா சிரித்தார்.

வலி தொடங்கும் அந்த இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று, பிள்ளை பெற்ற பிறகு அடிக்கடி யோசிக்கிறேன். திருகும்போது அவர் வைஸைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கை வலிக்குதும்மா. எம்புட்டு நேரமாச் சொல்றேன்!"

அதுவரை வருகிற பேருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்த நான், அப்போதுதான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.