ம். சொல்லுங்க அத்தான்

போன மாதம் ஒருவர் என் கடைக்கு வந்தார். பழைய டயல்-அப் மோடம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றும் கூடவே இருந்ததாம். இதெல்லாம் இப்போது எதற்காவது பயன்படுமா என்று கேட்டார். நான் துணியோடு அதை அவர் கையிலேயே திணித்து, கடையில் வைக்காதீர்கள், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பயன்படும். அதுதான் பதில். எப்படிப் பயன்பட்டது என்று சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. வயர் இல்லாமல் எந்தப் பெட்டியும் பேசாது என்பது உங்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். நடந்ததற்குக் காரணமும் நான்தான்.

என் அக்காவின் கணவரை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்பதைக்கூடக் கல்யாணச் செய்தி மாதிரி சொல்வார். அக்கா திட்ட ஆரம்பித்தால், "உன் அக்காவின் கோபம் இன்னும் சில நிமிடங்களில் வந்து சேரும்" என்று அதே குரலில் அறிவிப்பார். அவளால் அதற்கு மேல் திட்ட முடியாது. அக்கா இறந்துபோன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். அப்புறம் தொண்டையில் நோய் வந்தது. ஆபரேஷனில் உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. ஒரு முனகல்கூட வராது.

நான் அவருக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடித் திரையில் அவர் விரல் நிற்கவில்லை. ஒன்றைத் தொட்டால் வேறொன்று விழும். நாலு நாள் மல்லுக்கட்டிவிட்டு அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

பிறகு ஒருநாள் நான் போனபோது பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூசு தட்டி டிவியில் மாட்டி வைத்திருந்தார். அதன் தடித்த எழுத்துக்கட்டைகள் அவர் விரல்களுக்குப் பழக்கமானவை. பக்கத்தில் மோடம். இதை வைத்துக்கொண்டு யாரோடு பேசப்போகிறீர்கள், அருங்காட்சியகத்தோடா என்று கிண்டல் செய்தேன். அவர் சிலேட்டை எடுத்து, 'உன் கடையில இதே மாதிரி இன்னொண்ணு தூங்குதுல்ல?' என்று எழுதிக் காட்டினார்.

தூங்கியது உண்மைதான். இன்டர்நெட் எதுவும் வேண்டாம். ஒரு மோடம் இன்னொரு மோடத்தை டெலிபோனில் கூப்பிடும். இது எடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொள்ளும். அவ்வளவுதான், அங்கே அடிப்பது இங்கே திரையில் வரும். வீட்டிலும் கடையிலும் டெலிபோன் வயர் இருந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு என் கடை மோடம் முதல் தடவையாக வாய் திறந்தது.

பீஈஈ... க்ர்ர்ர்... கீஈஈச்...

திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும், இங்கே தமிழிலேயே தருகிறேன்.

'மாப்ளே, இதுதான் இனிமே என் குரல். முன்னைக்கு இப்ப தேவலாமா? சொல்லு.'

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் எழுத்துகள் கலந்துபோகும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பேசி முடித்தவர் கடைசியில் 'சொல்லு' என்று போட வேண்டும். அப்புறம்தான் மற்றவர் அடிக்கலாம். நான் பதில் அடிக்கத் தாமதித்தால் அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும். 'இருக்கியா?'

தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுவார். குழாயில் தண்ணீர் வரவில்லை, சொல்லு. பக்கத்து வீட்டு டீச்சர் கத்தரிக்கோலை வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை, சொல்லு. கடையில் கூட்டம் சேருவதும் அதே நேரத்தில்தான். பூனையை மிதிச்சிட்டீங்களா சார் என்று வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூன்று மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அவர் மேல் எனக்குப் பாசம் குறையவில்லை, பொறுமைதான் தீர்ந்துபோனது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாலே வரியில் ஒரு புரோகிராம். அங்கிருந்து 'சொல்லு' என்ற வார்த்தை வந்தால் இங்கிருந்து தானாகப் பதில் போகும்.

'ம். சொல்லுங்க அத்தான்.'

எப்படியும் நான் அதைத்தானே அடித்துக்கொண்டிருந்தேன். மோடத்தின் ஸ்பீக்கரை ஊமையாக்கினேன். திரையை அணைத்தேன். மறுநாள் காலையில் ஒரு தடவை திரையைப் போட்டு மேலோட்டமாகப் பார்த்துக்கொள்வேன். ஒரு வாரம் ஓடியது. அவருக்குச் சந்தேகம் வந்த மாதிரி தெரியவில்லை. பெருமை தாங்காமல் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எடுக்காம விட்டா வருத்தப்படுவாருல்ல, அதான்," என்றேன்.

"எடுக்காமலே விடுங்க. யாரும் இல்லன்னாவது அவருக்குத் தெரியும்," என்றாள்.

சரியான பேச்சு. காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை. மறுநாளும் புரோகிராம் ஓடியது.

அதற்கு அடுத்த நாள் கடைக்குப் பெயிண்டர் வந்தார். கம்ப்யூட்டரின் பவரை மட்டும் அணைக்காதே, புரோகிராம் போய்விடும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, காலையிலேயே ஒரு கம்பெனிக்குச் சர்வீஸுக்குக் கிளம்பிவிட்டேன். அன்று காலை திரையைப் பார்க்கவில்லை. ஒரு நாள் பார்க்காவிட்டால் என்ன, குழாயில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதுதானே...

நான் கடைக்குத் திரும்பியபோது நல்ல மழை. பெயிண்டர் போயிருந்தார். மேஜைகள் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தார். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட் வாசனை. லைட் ஸ்விட்சைத் தேடிப் போனேன். பாதி வழியில் நின்றேன்.

மூலை மேஜையில், ஷீட்டுக்கு அடியில், பச்சையாக ஒரு வெளிச்சம்.

திரையை நான் அணைத்துத்தான் வைத்திருந்தேன். பெயிண்டர் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தையும் கழற்றியிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஆறு.

பீஈஈ... க்ர்ர்ர்...

ஊமையாக்கிய ஸ்பீக்கர்.

வழக்கமாக அந்தச் சத்தம் சில நொடிகளில் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. ஏறி ஏறி இறங்கியது. நடுவில் இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. பிறகு மறுபடியும் கீஈஈச்...

ஷீட்டை இழுத்தேன். திரையில் வேறு எதுவும் இல்லை. நடுவில் ஒரே வார்த்தை.

'இருக்கியா?'

சட்டென்று உட்கார்ந்தேன். இன்றைக்காவது நானே பேசலாம் என்று தோன்றியது. 'இருக்கேன் அத்தான்' என்று அடித்தேன். திரையில் வந்தது வேறு.

'ம். சொல்லுங்க அத்தான்.'

புரோகிராம் ஓடுகிறது, அதுதான் என்று நிறுத்தினேன். நின்றுவிட்டது என்று திரை காட்டியது. மறுபடியும் அடித்தேன். இந்தத் தடவை விரலைக் கவனித்தேன். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த வாக்கியத்தின் அடுத்த எழுத்துதான் விழுந்தது.

'ம். சொல்லுங்க அத்தான்.'

அங்கிருந்து பதில் வந்தது. மெதுவாக.

'நீயா? மெஷினா?'

நான்தான், நான்தான் என்று அடித்தேன்.

'ம். சொல்லுங்க அத்தான்.'

'நீயா? மெஷினா?'

மெஷின் இல்லை, சத்தியமாக நான்தான் என்று கட்டைகளைக் குத்தினேன்.

'ம். சொல்லுங்க அத்தான்.'

எழுத்து வருவது நின்றது. சத்தமும் நின்றது. மழை மட்டும்.

பிறகு...

'நெஞ்சு அடைக்குது. டாக்டருக்கு சொல்லு.'

நான் கட்டையைத் தொடவே இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

'ம். சொல்லுங்க அத்தான்.'

'டாக்டருக்கு சொல்லு.'

'ம். சொல்லுங்க அத்தான்.'

'சொல்லு.'

'சொல்லு.'

'சொல்லு.'

பவர் பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

டெலிபோன் வயரைப் பிடுங்கச் சுவரைத் தடவினேன். ஈரப் பெயிண்ட் கையில் ஒட்டியது. துளை இருந்தது.

வயர் இல்லை.

நிமிர்ந்தேன். வயர் ஜன்னல் கம்பியில் இருந்தது. அழகாகச் சுருட்டி, நூலால் கட்டி...

ஓடினேன்.

அத்தான் வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒரு சாவி இருந்தது. அவர் அதைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கதவைத் திறந்தோம். அத்தான் மேஜை முன்னால் நாற்காலியில் இருந்தார். தலை சாய்ந்திருந்தது. கை எழுத்துக்கட்டை மேலேயே இருந்தது. தொட்டேன். டீச்சர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு இல்லைங்க. நேத்து சாயங்காலமே போயிட்டார்," என்றார்.

மறுநாள் பெயிண்டரிடம் போனில் கேட்டேன். டெலிபோன் வயரை எப்போது கழற்றினாய் என்று. காலையில் வந்ததும் முதல் வேலையே அதுதான் சார் என்றார்.

ஆனால் டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். டீச்சர் வெளியே ஓடியபோது நான் அந்த அறையில் தனியாக நின்றேன். டிவி அணையாமல் இருந்தது. முந்தின நாள் பேச்சு முழுவதும் அதில் இருந்தது.

'நெஞ்சு அடைக்குது. டாக்டருக்கு சொல்லு.' 'ம். சொல்லுங்க அத்தான்.' 'விளையாடாத. டாக்டருக்கு சொல்லு.' 'ம். சொல்லுங்க அத்தான்.' திரையின் முக்கால்வாசி அதுதான். போகப்போக அவருடைய எழுத்துகள் பிழையாகிக்கொண்டே போயின. என்னுடையது ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது.

பக்கத்து வீடு நாலடி தூரம். டெலிபோனை யாரும் எடுக்காமல் இருந்திருந்தால் அவர் எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டியிருப்பார். நான் இருக்கிறேன் என்று நம்பித்தான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இதை நினைக்காமல் நான் தூங்கிய இரவு இல்லை.

திரையில் அந்தப் பேச்சுக்குக் கீழே ஒரு சின்ன இடைவெளி. இடைவெளிக்குக் கீழே, அன்று வயர் இல்லாத மோடத்தில் நான் அடித்தவை. என் திரையில் மாறிப்போன அதே வரிகள், இங்கே நான் அடித்தபடியே வந்து சேர்ந்திருந்தன.

'இருக்கேன் அத்தான்.'

'நான்தான். நான்தான்.'

'மெஷின் இல்ல. சத்தியமா நான்தான்.'

அதற்கும் கீழே, கடைசி வரி. அதில் ஒரு பிழையும் இல்லை.

'இப்பத்தான் வந்தியா? நான் இல்ல மாப்ளே. நீ சொல்லு.'

டீச்சர் தகவல் சொல்லி வந்த என் மனைவியின் குரல் வாசலில் கேட்டது. நான் டிவியையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் எதுவும் சேமிப்பில் இருக்காது. அணைத்தால் போனதுதான். அது தெரிந்தேதான் அணைத்தேன்.

அவள் அத்தானைப் பார்த்தாள். அழுதாள். டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் அவர் கூப்பிட்டாரா?"

"இல்ல," என்றேன்.

கடை மோடத்தை அந்த வாரமே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். டெலிபோன் இணைப்பையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விட்டது சனி என்று நினைத்தேன்.

போன மாதம் வந்தாரே அந்த மனிதர்... அவர் மேஜை மேல் துணியைப் பிரித்தபோது மணி ஆறு. அது வேறு யாருடைய மோடமோ. வயர் இல்லை, பவர் இல்லை, பின்பக்க மூடியே கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு இது பயன்படுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது.

பீஈஈ... க்ர்ர்ர்...

இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி வாங்கி.

அத்தான் என்ன கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதினேன். என் மனைவி இதைப் படிப்பாள்.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

சொல்லிட்டேன் அத்தான்.