கதவின் அடியில் வைத்த துணி

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து வணங்கி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்காகவும் தோட்டத்து நண்பர்களுக்காகவும் அப்பாவைப் பற்றி எழுதும்படி அண்ணன் என்னிடம் கேட்டார். ஐந்தாம் படிவம் வரை படித்தவள் என்பதால் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் அப்பா முதுமையால் காலமானார் என்று எழுதியிருந்தேன். அப்பாவுக்கு அறுபத்து நான்கு வயதுதான்.

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் முடிவில் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், அப்பா பிறந்தார். சேலம் பக்கத்திலிருந்து வந்த பெற்றோருக்கு மூன்றாவது பிள்ளை. பத்து வயதில் தந்தையை இழந்தார். பள்ளியை விட்டுப் புல் வெட்டப் போனார். பிறகு பால் மரம் சீவினார். ஜப்பான்காரன் காலத்தில் தாயையும் தங்கையையும் மரவள்ளிக் கிழங்கு கொடுத்தே காப்பாற்றினார். சண்டை முடிந்த பின் புகைவீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்துப் புகையிலேயே உலர வைக்கும் இடம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தார்.

அப்பா பீடி, சுருட்டு, சிகரெட் எதையும் தொட்டதில்லை. அந்தப் புகைவீட்டில் வேலையாட்களை மேற்பார்த்த மண்டோரை நாங்கள் மண்டோர் மாமா என்று அழைப்போம். அவர் இதைச் சொல்லிச் சொல்லியே அப்பாவைக் கேலி செய்வார். “அவனுக்கு எதுக்குடா பீடி? தொரையே தெனமும் ஓசியில புகை குடுக்குறாரு லா” என்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது அம்மா இறந்தார். பெண்பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடு என்று லயத்தில் பலரும் சொன்னார்கள். அப்பா யாரோடும் வாதாடவில்லை. தினமும் விடியற்காலையில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பேருந்து நிற்கும் சந்திவரை கொண்டுவந்து விட்டார். மாலையில் வேலை முடிந்து, புகை மணக்கும் சட்டையோடு அதே சந்தியில் நின்றார். இன்று இந்த வரிகளை எழுத எனக்குத் தெரிகிறது என்றால் அது அந்தச் சைக்கிளால் வந்தது.

தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது அப்பாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அண்ணன் ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, நண்பர்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். அதனால் அப்பா, கோல சிலாங்கூரில் கல்யாணமாகி நானும் கணவரும் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தார். எளிதில் வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குப் பெரும் கூச்சம். என் கணவர் தானே தோட்டத்துக்குப் போய், “மாமா, நீங்க வர்லன்னா ஒங்க மக எனக்குச் சோறு போட மாட்டா” என்று சொல்லி லோரியில் ஏற்றி வந்தார். முன்னறையைக் கொடுத்தோம். அப்பா கேட்கவில்லை. சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய பின்னறையே போதும் என்றார். மாப்பிள்ளை காப்பி குடிக்காமல் அவர் ஒரு நாளும் குடித்ததில்லை.

அடுத்த ஆண்டு என் மகள் பிறந்தாள். மூன்று மாதத்தில் அவளுக்குச் சளி பிடித்து மூச்சு இழுத்தது. குழந்தை இருக்கும் இடத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று கிளினிக்கில் தாதி சொல்லி அனுப்பினார். அன்றே கணவரிடம் சொன்னேன். இனிமேல் கூடத்திலும் படுக்கையறையிலும் வேண்டாம் என்றேன். அவர் முகம் கோணாமல் ஒப்புக்கொண்டார். வாசலில் நின்று புகைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அது மழைக்காலம். போதாததற்கு, மனைவி வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் பேசுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். “பின்னால போய்ப் பிடிங்களேன்” என்று சொன்னவள் நான்தான்.

பின்னால் என்றால் அப்பாவின் அறை.

கொசுவுக்காக அந்த அறையின் ஜன்னலை மாலையிலேயே சாத்திவிடுவோம். கணவர் உள்ளே போனதும் கதவையும் சாத்திக்கொள்வார். அப்படியும் புகை கதவின் அடியால் கசிந்து வந்தது. குழந்தையின் பழைய துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, மடித்து, அந்த இடுக்கில் நானே வைத்தேன். ஒவ்வொரு மாலையும் வைத்தேன். மகளுக்கு இழுப்பு குறைந்தது. நான் நல்ல தாய் என்று எனக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்பா ஒரு பால் டின்னின் வாயைச் சமமாக வெட்டி, ஓரத்தைக் கல்லால் தட்டி மழுக்கி, பாதி மணல் நிரப்பி மாப்பிள்ளைக்குச் சாம்பல் தட்டக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் கணவரின் நண்பர்கள் இருவர் கேரம் ஆட வருவார்கள். அவர்களும் பின்னறைக்கே போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் சிரிப்பது கேட்கும். அப்பாவின் சிரிப்பு தனியாகத் தெரியும். தோட்டத்தை விட்டு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை என்பதால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு இருமல் வந்தது. கேட்டால் தூசி என்பார். காலையில் கோயில்வரை நடப்பவர், பள்ளிக்கூடத்து வேலியோடு திரும்பினார். அப்புறம் எதிர்வீட்டு வாசலோடு நின்றார். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அப்பா. டாக்டர் அவர் சட்டையை முகர்ந்து பார்க்காத குறையாக என்னைப் பார்த்தார். அப்பா பொய் சொல்கிறார் என்று நினைக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டையில் அந்த வாடை ஏன் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர் வேறு விதமாகக் கேட்டார். வீட்டில் யார் புகைக்கிறார், பெரியவர் எங்கே படுக்கிறார், அந்த அறைக்கு ஜன்னல் உண்டா என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு, உண்டு, ஆனால் மாலையிலேயே சாத்திவிடுவோம் என்றேன். அந்தத் துணி என் கண் முன்னால் வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் நுரையீரலுக்குள்தான் போகிறது, வயதானவர்களுக்கும் ஏற்கனவே நெஞ்சு பழுதானவர்களுக்கும் அது இன்னும் கெடுதல் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பழைய புகைவீடு எவ்வளவு, இது எவ்வளவு என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். என்னாலும் இன்றுவரை முடியவில்லை. “எல்லாம் புகைவீட்டுப் புகை. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத” என்று மண்டோர் மாமா என்னைத் தேற்றினார். அவர் அன்பை மறக்கமாட்டேன். ஆனால் புகைவீட்டை விட்டு வந்தபோது அப்பா நன்றாக நடந்துகொண்டுதான் இருந்தார்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டேன்.

“மாப்ள வீட்டுல இருந்துகிட்டு, மாப்ளய எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லச் சொல்றியாம்மா?” என்றார். சிறிது மூச்சு வாங்கிக்கொண்டு, “அவரு வந்து ஒக்காந்தாதான எனக்குப் பேச்சுத் தொண. இல்லன்னா செவுத்தப் பாத்துகிட்டுக் கெடக்கணும்” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர் சாலையோரம் போய் நின்று புகைத்தார். முடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்காருவார். முதல் சில நாட்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு மாலை அப்பா, “என்ன மாப்ள, கையி சும்மா இருந்தா வாயும் சும்மாதான் இருக்குமா?” என்று கேட்டார். அதன் பிறகு ஐந்து மாதம் இருவரும் பேசினார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அப்பாவுக்குக் கொசுவலை கட்டினோம். முதல் நாளே கட்டியிருக்கலாம். ஒரு காலையில், நான் கஞ்சியோடு உள்ளே போனபோது, அப்பா அமைதியாகப் போயிருந்தார்.

அன்று நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வைத்தோம். எங்கள் பக்கம் வழக்கமாக வைக்கும் சிகரெட் அதில் இல்லை. வயதான உறவினர் ஒருவர், தட்டு நிறையவில்லையே, இந்த வீட்டில் முறை தெரிந்தவர் யாரும் இல்லையா என்று கேட்டார். நான் பயந்துபோய் சிகரெட் வாங்கிவரச் சொன்னேன். அப்பாவின் உடலைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் புகைத்தார்கள். அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் வருந்துவாரோ, உறவுகளின் முன்னால் அவரைக் குறைத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அவர் படித்துவிட்டு, “நீ என்னப் பின்னால அனுப்புனத எழுதிட்ட. நான் போனத எழுதல. அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன். அவர் அனுமதியோடுதான் இது உங்கள் கைக்கு வருகிறது.

அப்பாவைக் கிள்ளானுக்கு அழைத்துப் போக ஒவ்வொரு முறையும் கார் கொடுத்த எதிர்வீட்டுச் சீனப் பெரியவருக்கும், என் மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தோட்டத்திலிருந்து வந்து அப்பாவைச் சுமந்தவர்களுக்கும், ரவாங்கிலிருந்து வாரம் தவறாமல் வந்த அண்ணனுக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்று தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ மட்டும் இருக்கும். மண்டோர் மாமா தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார் என்று தெரியும். சிகரெட்டை மறந்துபோய் விட்டதல்ல, மாமா. வேலிக்கு வெளியே, சாலையோரம், அப்பா வெட்டிய பால் டின்னில் புது மணல் போட்டு வைத்திருக்கிறோம். புகைப்பவர்கள் அங்கே போகும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே நம் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.