ஒரு போத்தலில் ஓடிய தூரம்

எங்கள் வீட்டில் இப்போது ஒரே கதை பழைய வாகனம் பற்றியதுதான். பெற்றோல் விலை திரும்பவும் ஏறியதிலிருந்து மருமகன் கைத்தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், எந்த வருடத்து வண்டி, எத்தனை பேரிடம் கைமாறியது என்று ஒவ்வொன்றாக மகளுக்கு வாசித்துக் காட்டுகிறார். அவள் குசினிக்குள் இருந்தபடியே, "அது வேண்டாம், நிறம் வடிவில்லை" என்கிறாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. எழுதினால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எங்கள் ஐயா வாகனம் வாங்கிய கதையை எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியிலிருந்து இன்னும் உள்ளே, வாய்க்கால் போய் முடிகிற பக்கத்தில் எங்கள் காணி இருந்தது. ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள். ஐயாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். பள்ளத்தில் நெல், மேட்டில் மிளகாய். ஒரு வருடம் மிளகாய் நல்ல விலைக்குப் போனது. அந்தக் காசில் ஒரு பழைய வாகனம் வாங்குவது என்று ஐயாவும் சித்தப்பாவும் முடிவு செய்தார்கள். அவர்கள் முடிவு செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது போல அதே வருடம் பெற்றோல் விலை ஏறத் தொடங்கியது. டீசலும் ஏறியது, ஆனால் பெற்றோல் அளவுக்கு இல்லை. விலை ஏற ஏற, எது குறைவாகக் குடிக்கும் என்பதே வீட்டில் பேச்சாகிவிட்டது.

அம்மாவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஆறாம் வகுப்புக்குக் கிளிநொச்சிக்குப் போகவேண்டும். எங்கள் றோட்டுக்கு பஸ் வராது. இரண்டு பக்கமும் காடு, ஒரு பெண்பிள்ளையைத் தனியே சைக்கிளில் விட ஒருவருக்கும் மனம் வராது. "என்னத்தையெண்டாலும் வாங்குங்கோ. பிள்ளை அதில ஏறிப் பள்ளிக்கூடம் போகவேணும்" என்று அம்மா ஒரு தடவை சொன்னா. அவா எதையும் ஒரு தடவைதான் சொல்லுவா.

இரண்டு வாகனங்கள் விலைக்கு வந்தன. ஒன்று கறுப்பு நிறத்துச் சின்னக் கார், பெற்றோலில் ஓடுவது. தபால் கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறிய ஒருவருடையது, அவரை மாஸ்ரர் என்று கூப்பிடுவோம். மற்றது லான்மாஸ்ரர் என்று எல்லோரும் சொல்கிற இரண்டு சில்லு உழவு மிசின். பின்னால் பெட்டி பூட்டியது, டீசலில் ஓடும். ஊரூராக நெல் வாங்க வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், அவரை நானா என்போம், லொறி எடுக்கப்போவதால் அதை விற்க நின்றார்.

சித்தப்பாவுக்குக் காரில் ஆசை. காலையில் மரக்கறியை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ரவுண் சந்தைக்குப் போவது, போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, பின்னேரம் ஏற்றிக்கொண்டு வருவது என்று அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு முருக்கங்காய் வெட்டினா. ஐயா மட்டும் ஒரு பக்கமும் சாயவில்லை.

"ரெண்டையும் ஓட்டிப் பாப்பம். ஆளுக்கு ஒரு போத்தல்" என்றார் ஐயா.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ராங்கியில் இருக்கிற எண்ணெயை வடித்துவிட்டு, ஒரு போத்தல் மட்டும் ஊற்றி வாய்க்கால் றோட்டில் விடுவது. எங்கே போய் நிற்கிறதோ அதுதான் வண்டியின் உண்மை. வெறுமையாக ஓட்டினால் எந்த வண்டியும் பொய் சொல்லும் என்று சித்தப்பா சொன்னார், அதனால் பாரம் ஏற்றவேண்டும். மிளகாய் மூடைகள் எல்லாம் விற்றுப்போயிருந்தன. மூடைக்குப் பதிலாக எங்களை ஏற்றுவது என்று தீர்மானமாயிற்று.

முன்வீட்டு மாமி நல்ல மொத்தமான மனுசி. சித்தப்பா வேலிப் படலையில் நின்று, "மாமி, வாங்கோ. உங்களை ஏத்தினால் ரெண்டு மூடை ஏத்தின மாதிரி" என்று கூப்பிட்டார்.

"இண்டைக்கு மூடை எண்டுவாய், நாளைக்குத் தோசை இருக்கோ எண்டு வந்து நிப்பாய்" என்று மாமி சொன்னாலும் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டா. வாகனம் ஏறுகிற சந்தர்ப்பத்தை அவா விடமாட்டா.

முதல் நாள் லான்மாஸ்ரர். நானா டீசலை ஊற்றும்போது, "இது குடிக்கிறதில்ல தம்பி. மோந்து பாத்திட்டு ஓடும்" என்றார். பெட்டிக்குள் மாமியும் நானும் சித்தப்பாவும் ஏறினோம். அம்மாவைக் காணவில்லை. பார்த்தால், அம்மிக் கல்லை உருட்டிக்கொண்டு வாறா.

"என்னண்ணி இது?" என்றார் சித்தப்பா.

"அம்மி தேஞ்சு வழுக்குது, கொத்திப் பொளியவேணும். கோயிலடிக்குப் பொளியிற ஆள் வந்திருக்காம்."

"இண்டைக்கோ பொளியிறது?"

"வண்டி அந்தப் பக்கம் தானே போகுது. பிறகு நான் தலையில வைச்சுக் கொண்டுபோறதோ?"

ஐயாவும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மியை ஏற்றினார்கள். குழவியையும் மறக்காமல் கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் அம்மா ஏறினா. லான்மாஸ்ரர் நானா சொன்னது போலத்தான் ஓடியது, மெதுவாக, ஆனால் நிற்காமல். திரும்பி வருவதற்கு டீசலைக் கலனில் கட்டிக்கொண்டு ஐயா சைக்கிளில் பின்னால் வந்தார். பிள்ளையார் கோயில் தெரிகிற இடத்தில் மிசின் இருமி இருமி நின்றது. சித்தப்பா இறங்கி ஒரு கொப்பை முறித்து றோட்டோரத்தில் குத்திவைத்தார். கோயிலடியில் அம்மி பொளிகிறவர் எவரும் இல்லை. அம்மி திரும்பவும் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்த நாள் கார். மாஸ்ரர் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருந்தார். "வீட்டுப் பிள்ளை மாதிரிப் பாவிச்சது" என்றார்.

"பிள்ளை குடிக்குமோ மாஸ்ரர்?" என்று ஐயா கேட்டார்.

மாஸ்ரருக்குக் கோபம். பெற்றோல் போத்தலை முன்மூடிப் பொனற்றுக்குப் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்கு றப்பர் குழாய் வைத்தார். முன்னுக்கு அவரும் சித்தப்பாவும். பின்னுக்கு மாமி ஏற, கார் அந்தப் பக்கம் சரிந்தது. அம்மாவும் நானும் மிச்ச இடத்தில் ஒடுங்கினோம். அன்றைக்கு அம்மி வரவில்லை. எனக்குக் கார் புதிது. கதிரை போல மெத்தை, ஏற்றி இறக்குகிற கண்ணாடி. நான் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

முதலாவது மதகுக்குக் கிட்டப் போகும்போது அம்மா, "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ, தலை சுத்துது" என்றா.

மாஸ்ரர் பதறிப்போனார். அம்மாவைப் பற்றி அல்ல, நின்றுகொண்டு எரிகிற பெற்றோலைப் பற்றி. "கெதியா இறங்குங்கோ தங்கச்சி, கெதியா."

அம்மா இறங்கினா. இறங்கியவா கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும் வாங்கோ. தனிய நிண்டு விழுந்து கிழுந்து போனாலும்" என்று மாமியையும் இறக்கினா. நானும் இறங்கப் போனேன். "நீ இரு" என்று அம்மா அதட்டிக் கதவைச் சாத்தினா.

கார் பறந்தது. பின் கண்ணாடியால் பார்த்தேன். தலை சுற்றுகிற ஆள் உட்கார்ந்திருக்க வேண்டுமே. அம்மா மதகுக் கட்டில் ஏறி நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தா. பெற்றோல் கலனோடு சைக்கிளில் பின்னால் வந்த ஐயா அவாவுக்குக் கிட்டப் போய் இறங்கியதும் தெரிந்தது. பிறகு வளைவு வந்துவிட்டது.

பாரம் குறைந்துபோனதைச் சித்தப்பா கவனித்தாரோ தெரியாது. கவனித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். கார் கொப்பைத் தாண்டியது. கோயிலைத் தாண்டியது. அதற்கும் அப்பால் மருதமரத்தடியில் போய் நின்றது. சித்தப்பா துள்ளிக் குதித்தார். மாஸ்ரர் இறங்கி, காரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். கலன் ஐயாவோடு மதகடியில் நின்றுவிட்டதால், மாஸ்ரர் கார் ராங்கியில் ஒளித்து வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலில் திரும்பி வந்தோம். மதகடியில் ஒருவரும் இல்லை.

ஐயா அம்மாவைச் சைக்கிள் பாரில் இருத்தி ஓடிக்கொண்டு வந்துவிட்டார் என்று வீட்டுக்கு வந்தபோது மாமி சொன்னா. ஊர் முழுக்கப் பார்க்க! மாமி பின்னால் நடந்து வந்திருக்கிறா. அம்மா அறைக்குள் பாயில் படுத்திருந்தா, நெற்றியில் ஈரத்துணி. ஐயா பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். ஐயா அம்மாவுக்கு விசிறி நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

"அண்ணை, கார்தான் கூட ஓடினது. கொப்புக்கு அங்கால, கோயிலுக்கும் அங்கால!" என்றார் சித்தப்பா.

"ஓடினது சரி. ஆர் அதில ஏறுறது?" என்றார் ஐயா.

சித்தப்பாவுக்கு விளங்கவில்லை.

"கொண்ணிக்கு மதகடி வரைக்கும் கூடப் போக ஏலாமல் போச்சு. மனுசிக்கு ஒத்துவராத சாமானை வாங்கி வைச்சு என்ன செய்யிறது?"

அம்மா சட்டென்று எழும்பி இருந்தா. துணி மடியில் விழுந்தது. "இஞ்சாருங்கோ, எனக்கு இப்ப ஒண்டுமில்லை. வெறும் வயித்தோட போனது, அதுதான்."

"பேசாமல் படும். நீர் எங்களுக்காகப் பொறுக்கிற ஆள். எனக்குத் தெரியாதே?"

"நான் ஏறாட்டில் என்ன? பிள்ளையும் தம்பியும் போகட்டும்."

"உம்மை வீட்டில விட்டிட்டு நாங்கள் கார் ஓடித் திரியிறதோ? அப்பிடி ஒரு கார் எனக்கு வேண்டாம். பெட்டியில எண்டால் காத்தோட்டம். உமக்கும் நல்லம், பிள்ளையும் அதில இருந்து பள்ளிக்கூடம் போகலாம்."

நான் கை தட்டினேன். கார்க் கண்ணாடி எனக்கு அலுத்துப்போயிருந்தது. பெட்டியில் நின்றுகொண்டு போகலாம்.

"நெல் அரிவு வெட்டு வந்தால் அது வயலுக்குள்ளயெல்லோ நிக்கும்" என்றா அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"நாலு நாள் பிந்தினால் பள்ளிக்கூடம் எங்க ஓடிப்போகுது?" என்று சொல்லிவிட்டு ஐயா திரும்பவும் விசிறினார்.

அம்மா அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று யாரும் நினைக்கலாம். ஆனால் முன் அறையில் மாஸ்ரர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நானாவும் சங்கதி அறிய வந்துவிட்டார். அவர்களுக்குக் கேட்கத்தக்கதாகத் தான் செய்த கள்ளத்தைச் சொல்லவேண்டும். அதைவிட, தன்னைப் பாரில் இருத்தி ஓடிவந்து, வேர்க்க வேர்க்க விசிறிக்கொண்டிருந்த மனுசனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அம்மா துணியை எடுத்து நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டா.

எனக்கு இதெல்லாம் கலியாணம் முடித்த பிறகுதான் தெரியும். மாமி ஒரு நாள் வெற்றிலை போட்டபடி சொன்னா: "தலைச்சுத்தோ? கொம்மா மதகடியில இறங்கினவுடன என்ர கையைப் பிடிச்சு, 'அக்கா, பாரமில்லாமல் ஓடட்டும், பிள்ளை படிக்கவேணும்' எண்டு சொன்னவா. நான் ஆரிட்டையும் வாய் திறக்கேல்லை." அம்மா அந்தத் தலைச்சுற்றைக் கடைசிவரை சுமந்தா. ஆராவது காரில் ஏற்றிக்கொண்டு போகக் கேட்டால் ஐயா முந்திக்கொண்டு, "அவாவுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிவிடுவார். அம்மா ஓம் என்று தலையாட்டிவிட்டு நடப்பா.

லான்மாஸ்ரர் நல்ல மிசின்தான், அதைக் குறை சொல்லக்கூடாது. உழுதது, தண்ணீர் இறைத்தது, ஊரில் பாதிப் பேரின் நெல்லை ஏற்றியது. ஐயா அதை வாங்கியதற்கு ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அரிவு வெட்டு தொடங்குவதும் தை மாதம்தான். முதல் நாள் காலையில் அம்மா எனக்குத் தலை இழுத்து, இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டா. முற்றத்தில் லான்மாஸ்ரர் நின்றது. பெட்டி நிறைய நெல் மூடைகள். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"மழைக்கு முதல் மில்லுக்குக் கொண்டுபோகவேணும். வெட்டு முடியட்டும் பிள்ளை. பிறகு ஒவ்வொரு நாளும் கொண்டுபோய் விடுறன்" என்றார் ஐயா.

வெட்டு முடிய மாசி போனது. பிறகு சிறுபோகத்துக்கு உழவு வந்தது. பிறகு அடுத்த வருடம் சேர்க்கலாம் என்றார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கவலையே இல்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் சவாரி இருக்கிறது. சித்தப்பா என்னைத் தூக்கி மூடைகளுக்கு மேல் இருத்தினார். அவ்வளவு உயரத்தில் நான் இருந்ததேயில்லை. மிசின் படலையைத் தாண்டும்போது வெள்ளைச் சட்டையோடு எழும்பி நின்று அம்மாவுக்குக் கை காட்டினேன். அம்மா திரும்பிக் கை காட்டவில்லை. சீப்பைக் கையில் வைத்தபடி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

பாவம், அவாவுக்குத் திரும்பவும் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.