வரேன் என்று சொன்ன விமலன்

அலோர் காஜா வட்டாரத்தில் விமலனுக்கும் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். யாரும் முறை தவறவில்லை. வைத்துவிட்டு, "வேல இருந்தா சிரமப்பட வேணாம் தம்பி" என்று சேர்த்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு வேண்டுதல் இருக்கும். கல்யாணத்தன்று மத்தியானம் சாப்பாடு அடுக்குக் கேரியரில் வீடு தேடி வரும். கொண்டுவந்தவர் அதை கேட்டில் மாட்டிவிட்டு இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் பறந்துவிடுவார். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு ஒருவர்கூட வந்ததில்லை. மூன்று வருடத்தில் விமலன் வீட்டில் பதினோரு கேரியர்கள் சேர்ந்துவிட்டன.

அவன் செய்த குற்றம் ஒரே ஒரு சொல். அதையும் மரியாதைக்காகத்தான் சொன்னான்.

விமலன் பிறந்தது புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். அம்மா பெத்தம்மாள், பையனுக்கு முதலில் வளர்ந்தது வாய்தான் என்றும் மற்ற உறுப்புகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தன என்றும் சொல்லுவார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கையில் ஆசிரியை தன்கதை எழுதச் சொன்னார். மற்ற பிள்ளைகள் நான் ஒரு பேனா, நான் ஒரு மிதிவண்டி, நான் ஒரு குடை என்று எழுதினார்கள். விமலன் எழுதியது 'நான் ஒரு சவப்பெட்டி'. முதல் வரி: 'என்னைக் கடையில் யாரும் அளவு பார்த்துப் போட்டுப் பார்ப்பதில்லை.' ஆசிரியை சிவப்பு மையில் எழுதினார்: 'கற்பனை வளம் உண்டு. அப்பாவை அழைத்து வரவும்.'

வளர்ந்த பிறகு வார நாட்களில் கிராப் வாடகைக் கார் ஓட்டினான். வாரக் கடைசியில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்தான். மணமகள் அலங்காரம் முடியாமல் ஒன்றரை மணி நேரம் இழுத்தாலும், 'இதோ வந்துகொண்டே இருக்கிறார்கள்' என்பதை இருபது விதமாகச் சொல்லிக் கூட்டத்தைச் சாப்பாட்டுப் பக்கம் போகாமல் நிறுத்திவைக்கும் திறமை அவனுக்கு இருந்தது. கார் பழுதாகி கிராப் நின்றபோது, சவ வேன் வைத்திருந்த காந்தன் அவனைக் கூப்பிட்டார்.

காந்தன் தொலைபேசியை எடுத்தால் 'வணக்கம், யாரு?' என்று கேட்பார். யார் பேசுகிறீர்கள் என்ற அர்த்தத்தில் அல்ல. விமலனுக்கு அவர் கொடுத்த பயிற்சி மொத்தம் மூன்று வாக்கியம்.

"சிரிக்காத. ஹார்ன் அடிக்காத. கெளம்பும்போது 'வரேன்'னு சொல்லாத."

நம் சனத்துக்கு எந்த வீட்டிலிருந்தும் வெறுமனே போகத் தெரியாது. 'போயிட்டு வரேன்' என்றால்தான் போகவே முடியும். சாவு வீட்டில் மட்டும் அது கிடையாது. அங்கே யாரும் 'வாங்க' என்பதில்லை, கிளம்புகிறவரும் 'வரேன்' என்பதில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி நழுவிவிட வேண்டியதுதான். அந்த வீட்டுக்கு மறுபடியும் வரும்படி ஆகிவிடக் கூடாது என்பது கணக்கு. வருகிறவர் சவ வேன் டிரைவர் என்றால் கணக்கு இன்னும் கறார்.

முதல் இரண்டு விதிகளையும் விமலன் எட்டு மாதம் காப்பாற்றினான். மூன்றாவது, மங்களம் வீட்டு வாசலில் போயிற்று.

மங்களத்தின் கணவர் தனபாலன் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார். புலாவ் செபாங் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு. உடலை மின்சுடலைக்கு எடுத்துப் போக வேண்டும். பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் யாரோ ஒரு பெரியவர் விமலனிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார். குடித்தான். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். அங்கேதான் கல்யாண மைக்குக்காரனின் நாக்கு முந்திக்கொண்டது. கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, நல்ல உச்சரிப்பில் சொன்னான்:

"அப்ப, போயிட்டு வரேங்க!"

மேளக்காரர் ஓர் அடி தவறவிட்டார். ஒப்பாரியில் இருந்த தனபாலனின் அக்கா பெரியநாயகி பாதி வரியில் நிறுத்தித் திரும்பினார். மங்களம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நாலைந்து பெண்கள் ஓடிப்போய் முதுகைத் தடவினார்கள். போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் தனபாலனின் அப்பா முனியாண்டி. காது மந்தம்.

"என்னா சொல்றான்?" என்றார்.

"வரேங்கிறான் தாத்தா!" என்று பேரன் முறையுள்ள ஒருவன் காதில் கத்தினான்.

"ம். வரட்டும்," என்றார் முனியாண்டி.

ஐந்தாம் நாள் காலை முனியாண்டி நன்றாகப் பசியாறிவிட்டுச் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. காந்தனின் இன்னொரு வேன் பட்டறையில் இருந்தது. எனவே விமலனே போனான். வேன் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது ஒவ்வொரு வீட்டு கேட்டாக மூடியது.

"சொன்னான்ல வரேன்னு! வந்துட்டான் பாரு!" என்று பெரியநாயகி போட்ட சத்தத்தை யாரோ வாட்சாப்பில் குரல் பதிவாக ஏற்றினார்கள். அது சாயங்காலத்துக்குள் மலாக்கா போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே நான்கு கல்யாணக்காரர்கள் வேறு மைக் பார்த்துக்கொண்டார்கள்.

மைக் இல்லாமல் விமலனுக்கு வாய் அரித்தது. மலாக்கா பழைய டவுனில் ஒரு காப்பிக்கடை மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் ஏறிச் சிரிக்க வைக்கலாம் என்று கேள்விப்பட்டுப் போனான். அதை நடத்தியவர் செசிலியா. யாழ்ப்பாணத்துப் பரம்பரை, பல் டாக்டர். வாரம் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், வாரக் கடைசியில் அந்த வாயிலிருந்து சிரிப்பு வருகிறதா என்று பார்த்தார். விமலன் மாமியார் ஜோக் ஐந்து சொன்னான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது கூட்டத்துக்குத் தெரிந்துபோயிற்று.

இறங்கியதும் செசிலியா கேட்டார். "உமக்கு என்ன வேலை?"

"பொண வண்டி ஓட்டுறேன் டாக்டர்."

"அதை வச்சுக்கொண்டு ஏன் மாமியாரைக் கதைக்கிறீர்? அடுத்த கிழமை வண்டியைக் கொண்டு வாரும்."

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் கதையை மேலே கொண்டுபோனான். "கிராப் ஓட்டினப்ப ஏறினவங்கல்லாம் எனக்கு ஸ்டார் குடுத்தாங்க. இப்ப ஏறுறவங்க குடுக்கறதில்ல. அவங்களே ஸ்டாராயிடுறாங்க." சிரித்தார்கள். பிறகு 'வரேன்' கதையைச் சொன்னான். ஒருவர் காப்பியை மூக்கால் குடித்தார்.

மூன்று வருடத்தில் அந்தக் கதை ஏழு நிமிடமாக வளர்ந்தது. மேடைக் கதைக்கும் தோட்டத்து உரம் போட்டால் போதும். முதலில் ஒரு தெருவின் கேட்டுகள் மூடின, பிறகு ஏழு தெரு. முனியாண்டி 'இவன் திரும்பி வர்றதுக்குள்ள நானே போயிடறேன்' என்று பயந்தே உயிரை விட்டார். விதவை தரையில் புரண்டு மண்ணை வாரித் தூற்றினாள். ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் விமலனைக் கூப்பிட்டார்கள். 'வரேன் விமலன்' என்று பேரே ஆயிற்று. கதைக்கு உரியவர்களின் தெருப்பக்கம் மட்டும் அவன் ஒரு தடவைகூடப் போகவில்லை.

பிறகு செசிலியா, அலோர் காஜாவில் ஒரு தேவான் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். விமலன் மட்டும், முழுசாக ஒரு மணி நேரம், முதல்முறையாகச் சொந்த ஊரில். சாயங்காலம் நான்கு மணிக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவன் உடனே திரையை இழுத்து மூடினான். மூன்றாவது வரிசையில் மங்களம். மடியில் கைப்பை, கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி. பக்கத்தில் மகள் திவ்யதர்ஷினி.

"அந்த ஏழு நிமிசத்த எடுத்துடுறேன் டாக்டர்."

"எடுத்தால் மிச்சம் என்ன இருக்கு?"

"ஸ்டார் ஜோக்கு. அப்புறம், நன்றி வணக்கம்."

"பல்லைப் பிடுங்கிப்போட்டுச் சிரிக்கச் சொல்லேலாது விமலன்."

"அந்தக்கா எந்திரிச்சி ஒரு வார்த்த சொன்னாங்கன்னா முடிஞ்சிச்சி. இந்த ஊருல அதுக்கப்புறம் வேன் மட்டுந்தான். பேசாத ஆளுங்களோட."

செசிலியா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து மேடைக்குத் தள்ளிவிட்டார்.

ஐம்பது நிமிடம் ஓடியது. சனம் சிரித்தது. மங்களம் சிரிக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. விமலன் தண்ணீர் குடித்தான். அந்தக் கிளாஸைப் பார்த்ததும் சட்டென்று கீழே வைத்தான்.

"அடுத்தது ஒரு கதை," என்றான். "மூணு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டேன். கதைக்குச் சொந்தக்காரங்க இங்க உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட மட்டும் கேக்கல. அக்கா வேணாம்னா சொல்ல மாட்டேன். இன்னிக்கில்ல, எப்பவுமே."

தேவான் முழுக்கக் கழுத்தைத் திருப்பியது. மங்களம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"சொல்லு தம்பி. தப்புத் தப்பா சொல்றியாமே, எம்மக போன்ல காட்டினா. இன்னிக்கி ஒழுங்கா சொல்லு."

ஆரம்பித்தான். முனியாண்டிக்கு எண்பத்தொன்று என்றான்.

"எண்பத்தி நாலு."

பயந்தே செத்துப்போனார் என்றான்.

"எங்க பயந்தாரு? இடியாப்பம் ரெண்டு தட்டு சாப்புட்டாரு. மூணாவது கேட்டாரு, நாந்தான் இல்லன்னுட்டேன்."

கூட்டம் அதிர்ந்தது. ஏழு தெருவை அவர் ஒரு தெருவாகக் குறைத்தார். அந்த ஒரு தெருவிலும் மூலை வீட்டுக்கு கேட்டே கிடையாது என்றார். விமலன் கதை சொல்கிறவனாக இல்லாமல் தேர்வு எழுதுகிறவனாக ஆகிப்போனான். கடைசியில் விதவை தரையில் புரண்டு அழும் இடத்துக்கு வந்து, அடிக்குக் காத்திருப்பவன் மாதிரி நிறுத்தினான்.

"நான் எங்கடா அழுதேன்?" என்றார் மங்களம். "சிரிச்சேன் லா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"விடியற வரைக்கும் அழுதவதான். நீ கையக் கூப்பி வரேன்னு சொன்னியா, எனக்கு அந்த மனுசன் நெனப்பு வந்திருச்சி. அவரு நின்னு பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. என்னால அடக்க முடியல. முந்தானய வாயில அடச்சிக்கிட்டேன். ஆளாளுக்கு வந்து முதுகத் தடவுறாளுங்க. தடவத் தடவ இன்னும் வருது. புருசனத் தூக்குற நேரத்துல சிரிச்சவன்னு யாருகிட்ட போயி சொல்ல? மூணு வருசமா உள்ளயே வச்சிருந்தேன்."

"அம்மா!" என்று அலறினாள் திவ்யதர்ஷினி. "மயக்கம்னு நெனச்சி உன் மூஞ்சில தண்ணி தெளிச்சனேம்மா!"

"ஆமா. அதுலயுந்தான் சிரிப்பு வந்திச்சி."

அதன்பிறகு தேவானில் யார் சிரித்தார்கள், யார் கண்ணைத் துடைத்தார்கள் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். விமலன் முடிவு வரி ஒன்று வைத்திருந்தான். அதைச் சொல்லவில்லை. மைக்கை வைத்துவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கும்பிட்டான், அவ்வளவுதான்.

வாசலில் மங்களம் அவனைப் பிடித்துக்கொண்டார். "பாப்பாக்கு ஆவணில கல்யாணம். மைக்கு நீதான்."

"அக்கா, உங்க நாத்தனாரு..."

"அவங்களுக்காகத்தான் கூப்புடுறேன்."

ஆவணியில் விமலன் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, மணமக்கள் இதோ வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றான். முன்வரிசையில் பெரியநாயகி நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். தாலி ஏறியது, பந்தி முடிந்தது. விமலன் கையைக் கழுவிவிட்டு ஹெல்மெட்டுடன் அவர் முன்னால் வந்து நின்று, கையைக் கூப்பினான்.

"பெரியம்மா, அப்ப நான் போயி..."

முட்டி வலிக்காரர் அவ்வளவு வேகமாக எழுந்ததை ஊர் பார்த்ததில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க கெளம்புற? உக்காரு! பாயாசம் சாப்புட்டியா?"

"சாப்புட்டேன் பெரியம்மா."

"இன்னொரு கிளாஸ் சாப்புடு. டேய், இங்க அப்பளம் கொண்டா! நீ இரு தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. இங்கயே இரு."

விமலன் மூன்று கிளாஸ் பாயாசம் குடித்தான். வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வாழைப்பழம் நீண்டது. சொந்தக்காரர்கள் கலைந்தார்கள், நாற்காலிகளை அடுக்கினார்கள். காந்தன் போன் அடித்தார்.

"எங்கடா இருக்க?"

"கல்யாண வீட்டுல மொதலாளி. விட மாட்றாங்க."

காந்தன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

கடைசியில் மங்களம் வந்தார். கையில் நான்கு அடுக்குக் கேரியர், உள்ளே சுடச்சுடச் சாப்பாடு. "அம்மாவுக்குக் கொண்டு போ," என்று விமலன் கையில் கொடுத்துவிட்டு, நாத்தனார் காதில் விழும்படி சொன்னார்:

"பாத்திரத்த மறக்காம திருப்பிக் கொண்டாந்து குடுக்கணும். பெரியம்மா வீட்டுல குடுத்திரு, பக்கந்தானே உனக்கு."

பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டார்.

விமலன் பன்னிரண்டாவது கேரியரைத் தூக்கிக்கொண்டான். இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போனான்.