சீசன் முடிந்து வாங்கிய பிராசஸர்

கொடைக்கானலில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சீசன் முடியட்டும்." வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் மே மாதக் கூட்டம் இறங்கிய பிறகு, சொத்தைப் பல்லைப் பிடுங்குவதும் அதற்குப் பிறகு. ஜீப் ஓட்டும் கதிர்வேல் மட்டும் வேறு மாதிரியா இருந்துவிடப் போகிறான்?

அவன் மகள் இந்து மதுரையில் அனிமேஷன் படிக்க ஆசைப்பட்டாள். தானே செய்த குட்டிப் படம் ஒன்றை மே மாதத்துக்குள் அனுப்பினால்தான் இடம். வீட்டிலோ ஓட்டைக் கம்ப்யூட்டர். அது திறப்பதற்குள் அவள் டீ போட்டு, அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு வந்து உட்காரலாம். படத்தை ஓடவிட்டால் பாதியில் தொங்கிவிடும்.

"பிராசஸர மட்டும் மாத்துனாப் போதும்ப்பா. நம்ம பழைய போர்டுக்கு உள்ளது திண்டுக்கல்ல செகண்ட்ஸ்ல கெடைக்குதாம். ஒருநாள் போயிட்டு வாங்கப்பா."

"சீசன் முடியட்டும்மா. இப்ப ஜீப்ப விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். வட்டக்கானல் சவாரிகளுக்கு நடுவே கடைசித் தேதியும் போய்விட்டது.

ஜூன் மழை பிடித்ததும் கதிர்வேல் வெள்ளனே திண்டுக்கல் பஸ் ஏறினான். தேதி போனது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, பாவம். கடைக்காரர் சுப்புராஜ் போர்டின் பெயரைக் கேட்டுவிட்டு இரண்டு பிராசஸர்களை எடுத்து வைத்தார்.

"இந்த ஐ-ஃபைவே போதும்ணே. ஐ-செவனும் உக்காரும், ஆனா சூடாகும்."

"பெருசையே குடுங்க. எங்க ஊருக் குளிருக்கு என்னத்தச் சூடாகப் போகுது? பிள்ள ஆசையாக் கேட்டது." சுப்புராஜ் ஐ-செவனையே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

இந்து தானே மாட்டினாள். படம் அன்று சாயங்காலமே முடிந்தது. ஏரிக்கரையில் மழையில் நிற்கும் சவாரிக் குதிரை ஒன்று வீட்டுக்குப் போகிற கதை. கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த வருசம் அனுப்பலாம்லம்மா?"

"அடுத்த வருசமும் சீசன் வரும்லப்பா." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் வாங்கிட்டு வந்திருக்கீங்க. தொங்கவே இல்ல."

நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அடுத்த திங்கட்கிழமை அவள் தோழியோடு திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது சவாரி முடிந்து வந்ததும் கதிர்வேல் கம்ப்யூட்டரைப் போடுகிறான். அவன் உட்காருவதற்குள் திறந்துவிடுகிறது. குதிரையை ஒரு தரம் பார்த்துவிட்டு அணைக்கிறான். பிறகு எழுந்துபோய்த் தானே டீ போடுகிறான்.