ஜேசிபி நுழையாத மல்லித் தோட்டம்

எங்கள் வீட்டில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வேர்க்கடலை விற்ற பணம் என் வீட்டுக்காரர் சட்டைப்பைக்குப் போகும். பூ விற்ற பணம் என் சுருக்குப்பைக்கு வரும். ஆந்திர எல்லையில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், எங்கள் ஊர்ப் பக்கம் மல்லி வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். விடியுமுன் எழுந்து, புடவையில் மடி கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பது பெண்கள். பறித்தவர் கைக்குத்தான் காசு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்குப் பால், எனக்குப் பல்வலி வந்தால் டாக்டர், எதற்கும் நான் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், பூவின் மேல் ஆசைப்பட்டு இந்தப் பொம்பளை சண்டை போட்டாள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கொரோனா வந்த பங்குனியில் செடிகள் வெறி பிடித்தாற்போல் பூத்தன. கல்யாண மாதங்களுக்குச் சரியாக மொட்டு வரட்டும் என்று நாள் பார்த்துக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்திருந்தேன். மொட்டு சொன்னபடி வந்துவிட்டது, கல்யாணங்கள்தான் வரவில்லை. திருப்பதிக்கு ஜனம் வரக்கூடாது என்றார்கள். புத்தூரில் பூக்கடைகள் மூடின. பூ மூட்டை ஏற்றிப்போகும் ஆட்டோவும் நின்றது. போதாக்குறைக்கு எங்கள் ஊர்க்காரர்களே, ஊருக்குள் வரும் ஒரே வழியில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்தார்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது, ஊர்ச் சரக்கு வெளியே போகக்கூடாது. மாற்றி மாற்றி ஆள்போட்டுக் காவல் வேறு.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். எதிர்வீட்டு அண்ணன் வாயில் துண்டு கட்டி, கையில் தடியோடு உட்கார்ந்திருந்தார்.

"முள்ளுக்கு அந்தாண்ட தூக்கிப் போட்டுட்டுப் போறேன்ணா. யாராவது வந்தா எடுத்துக்கினு போவட்டும்" என்றேன்.

"மார்க்கெட்டே மூடிக்கினு கீது. உன் பூவ யாரு வாங்குவான், கொரோனாவா?"

"உன் முள்ளுல இடி விழ!" என்று திட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

விற்காத பூவைப் பறிப்பானேன், செடியிலேயே கிடக்கட்டும் என்றார் வீட்டுக்காரர். விட்டுப் பார்த்தோம். பூ விரிந்து, பழுத்து, செடியிலேயே அழுகியது. மொட்டுப்புழு வந்தது. அப்படியே விட்டால் தோட்டம் போய்விடும் என்று தெரிந்ததும் மறுபடி மடியைக் கட்டினேன். பறிக்க வரும் பக்கத்து ஊர்ப் பெண்கள் முள்ளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். நான் ஒருத்தியே பறித்தேன். பறித்ததைக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். எருக்குழி கல்யாண வீடு மாதிரி மணத்தது. ஒருநாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, மறுநாளும் பறித்தேன்.

வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. "பூவத் துன்ன முடியுமா, சொல்லு? குப்பைல கொட்றதுக்கு நீ இடுப்பொடிக்கிற. எல்லாத்தையும் புடுங்கிட்டு மாங்கன்னு வச்சிடலாம். வருசத்துக்கு ஒருவாட்டி காய எறக்கிட்டு, நான் தடா பக்கம் எதுனா கம்பெனில வேலைக்குப் போயிடுவேன்."

"மாங்காயத் துன்னுட்டு மீதி நாளெல்லாம் இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் பாதி நிலம் அப்படித்தான் மாந்தோப்பாகிவிட்டது. கன்று நட்டு, கம்பி கட்டி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். காய் பழுக்கும் காலத்தில் மட்டும் வந்து, மாம்பழக் கூழ் ஆலை வாசலில் டிராக்டரோடு காத்துக்கிடப்பார்கள். ஆலைக்காரன் சொன்னதுதான் விலை. நிலம் இருக்கும், மரம் இருக்கும், நிலத்தில் மனுஷர் இருக்கமாட்டார்கள். நானும் அப்படி ஒரு கேட்டைப் பூட்டிவிட்டுப் போகவா? முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் காதில் விழவில்லை.

ஒருநாள் காலை, பறித்துக்கொண்டிருக்கும்போது ரோட்டுப் பக்கம் ஜேசிபி சத்தம். மடியில் பூவோடு ஓடினேன். முள்ளுக்கு வெளியே வண்டி நிற்கிறது. டிரைவர் வெளியூர்க்காரன், பலமனேர் ஆள். எனக்குத் தெரியாமல் போனிலேயே பேசி வரவழைத்திருக்கிறார் வீட்டுக்காரர். அவர் முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கொஞ்சம் நவுத்து மச்சான், ஒரு மணி நேர வேலைதான்" என்று காவலில் இருந்த எதிர்வீட்டு அண்ணனிடம் குழைகிறார். அண்ணன் தடியால் முள்ளை ஒதுக்கக் குனிந்தார்.

"தொடாதண்ணா!" என்று கத்தினேன். "எம் பூவு வெளிய போவக்கூடாது, பலமனேர் வண்டி உள்ள வரலாமா? ஊருக்கு ஒரு சட்டம், எங்க வூட்டுக்கு ஒரு சட்டமா?"

"இது வெவசாய வேலம்மா..."

"அப்போ நான் பூவு பறிக்கிறது இன்னா, சினிமாவா?"

டிரைவர் எஞ்சினை அணைத்து, "ஏதோ ஒகட்டி தேல்ச்சண்டி" என்று தெலுங்கில் சலித்துக்கொண்டான். ஏதாவது ஒன்றை முடிவு பண்ணித் தொலையுங்கள் என்கிறான். சரி, முடிவு பண்ணிவிடலாம் என்று முள்ளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

"நெலம் உன்னுது, இல்லன்னு சொல்லல. செடி என்னுது. அதப் புடுங்கிட்டா நாளைக்குப் பல்லு வலிச்சாக்கூட உன் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கணும். நான் நிக்கமாட்டேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வரப்பைப் பார்த்தார். எதிர்வீட்டு அண்ணன்தான் நிமிர்ந்து, தடியைக் குறுக்கே பிடித்தார். "வண்டிய திருப்புப்பா. ரூலுன்னா ரூலு." எந்த முள்ளில் இடி விழச் சொன்னேனோ, அந்த முள்ளை அன்றைக்குக் கும்பிடலாம் போல இருந்தது.

அதன்பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு போட்டேன், தின்றார், அவ்வளவுதான். நான் பறிப்பதை நிறுத்தவில்லை. எருக்குழி நிரம்பியது. அந்த எருவையே செடிகளுக்குத் திருப்பிப் போட்டேன்.

கடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. ஊர் வழியிலிருந்த முள்ளைக் கொளுத்தப் போனார்கள். "கொளுத்தாதீங்க, எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, இழுத்துவந்து மல்லித் தோட்டத்தைச் சுற்றி அடைத்தேன். ஓர் ஆள் போக மட்டும் சந்து விட்டேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வியாபாரி எங்கள் வரப்பைத் தேடி வந்தான். சுற்றுவட்டத்தில் பலர் செடியைப் பிடுங்கியிருந்தார்கள். அன்று விடியலில் ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் சந்துக்கு வெளியே வந்து நின்றார்.

"இன்னாமே இது, ஆளே ஒருக்களிச்சுதான் வரணும் போலக்கீது. வண்டி எப்பிடி வரும்?"

"வண்டி வரக்கூடாதுன்னுதான். மடியக் கட்டிக்கினு வா."

லுங்கியில் மடி கட்டி, முள் கிழிக்காமல் ஒருக்களித்து உள்ளே வந்தார். வெயில் ஏறும்வரை பறித்தார். வியாபாரி காசைக் கொடுத்ததும் என் சுருக்குப்பையைப் பார்த்துச் சிரித்தார்.

"பறிச்சவங்க கைக்குத்தான காசு? நானும் பறிச்சேனே."

"குப்பைக்குழிக்குப் பறிச்சவ நான். நீயும் ஒரு பங்குனி அப்பிடிப் பறிச்சிட்டு வந்து கேளு" என்றேன்.

இன்றுவரை கேட்கவில்லை. பறிக்க மட்டும் தவறாமல் வருகிறார். மாங்கன்று விற்பவனோ மனை போடுகிறவனோ வந்தால், அவரே அந்தச் சந்தில் நின்று பேசி அனுப்பிவிடுகிறார்.